ஒரே புற்றுநோய், வேறு வேறு முடிவு: வசதி எந்த இடத்தில் குறுக்கிடுகிறது?

கேள்வி இதுதான்: “ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே வகைப் புற்றுநோய் வந்த இருவரில் ஒருவர் குணமாகி வேலைக்குத் திரும்புகிறார், இன்னொருவர் இரண்டு ஆண்டுகளில் இறந்துவிடுகிறார். காரணம் நோயின் தன்மையா, பண வசதியா? பணம் இருந்தால் மட்டும் போதுமா? இல்லாதவர்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?”

முதல் கேள்விக்கான பதில், எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியாத புற்றுநோய்களில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையே வேறுபாடு குறைவு. நன்றாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில்தான் அது அதிகம். தலைகீழாகச் சொல்கிறேனோ என்று தோன்றலாம். எண்களைப் பாருங்கள்.

2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கான்கார்ட்-3 ஆய்வு, 71 நாடுகளில் 2000 முதல் 2014 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட சுமார் 3.75 கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. கணையப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருப்பவர்கள் பெரும்பாலான நாடுகளில் 5 முதல் 15 சதவீதம் வரைதான். செல்வந்த நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு அங்கே பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் நிலைமை வேறு. ஃபின்லாந்தில் 95 சதவீதக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். எக்குவடோரில் பாதிப் பேர்தான். இத்தனைக்கும் இந்த நோய்க்கான அடிப்படை மருந்துகள் பல பத்தாண்டுகள் பழையவை. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தவை. ஆகவே இடைவெளியை மருந்தின் விலை ஒன்றே உண்டாக்கவில்லை. அந்த மருந்தை இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் கொடுக்கவும், இடையில் வரும் தொற்றுகளிலிருந்து குழந்தையைக் காப்பாற்றவும், குடும்பம் பாதியில் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

சமூகவியலாளர்கள் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் இருவரும் 1995-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பணம், கல்வி, செல்வாக்கு, ஆள் பழக்கம் ஆகியவை எந்த ஒரு நோய்க்கும் மட்டும் உரியவை அல்ல. புதிதாக ஒரு சிகிச்சை வந்தால் அதை முதலில் எட்டிப் பிடிக்க உதவும் பொதுவான கருவிகள் அவை. ஒரு புற்றுநோய்க்குச் சிகிச்சையே இல்லாத காலத்தில் அந்தக் கருவிகளால் பயனில்லை. சிகிச்சை வந்ததும் இடைவெளியும் பிறக்கிறது. புதிய சிகிச்சை பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். மகிழ்ச்சி முழுமையாக இருப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. “ஐந்து ஆண்டு உயிர்பிழைப்பு” என்ற அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. வசதியுள்ள இடங்களில் அடிக்கடி பரிசோதனை செய்வதால், ஒருபோதும் தீங்கு செய்திருக்காத சின்னஞ்சிறு கட்டிகளும் புற்றுநோய்க் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தென் கொரியாவில் 2011-ல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறந்தவர்கள் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் “பிழைத்தவர்கள்” பட்டியலில் ஏறும்போது சதவீதம் அழகாகத் தெரியும். எனவே இறப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இடைவெளி மறைவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, வருமானம், கல்வி, ஆயுள் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். குறியீட்டில் கீழே இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவு, சாவு அதிகம்.

இந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் “விழிப்புணர்வு இல்லை” என்பது. எனக்கு இந்தப் பேச்சில் எரிச்சல் உண்டு. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. நாள் கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண் அதைக் காட்ட ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய வருமானம் போயிற்று. முதல் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். அடுத்து ஸ்கேன், அது வேறோர் இடத்தில். அடுத்து பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது; அதற்கு இன்னொரு நாள். அறிக்கை வாங்க ஒரு நாள். கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இருக்கின்றனவா என்ற சோதனைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அது தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. சிகிச்சை தொடங்கும் முன்பே இத்தனை நாள் கூலி போய்விட்டது, இத்தனை முறை பயணச் செலவு ஆகிவிட்டது. நடுவில் ஏதோ ஒரு படியில் அவர் நின்றுவிடுகிறார். ஆறு மாதம் கழித்துக் கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகு வரும்போது, “இத்தனை நாள் ஏன் வரவில்லை?” என்று அவரையே கடிந்துகொள்கிறார்கள். கட்டி இருப்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அறியாமையைவிடக் கட்டணமே முக்கியத் தடை என்பதற்கு அமெரிக்காவில் இயற்கையாகவே அமைந்த ஒரு சோதனை இருக்கிறது. அங்கே 65 வயது ஆனதும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைக்கும். நுரையீரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்கள் கண்டறியப்படும் எண்ணிக்கை 65-வது வயதில் சட்டென்று ஏறுகிறது. பிறந்தநாள் அன்று உடம்பில் எதுவும் மாறுவதில்லை. விழிப்புணர்வும் ஒரே இரவில் வந்துவிடாது. காப்பீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் அப்போது வருகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, சிகிச்சை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே மருத்துவர், அதே மருந்து, அதே அளவு. இனி சமம்தானே என்று நினைப்போம். கீமோதெரபி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்த நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பது நடைமுறை. இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வருகிறது. ஒரு வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறது, அழைக்க வேண்டிய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது. இன்னொரு வீட்டில் தொட்டுப் பார்த்துத்தான் காய்ச்சல் என்கிறார்கள். ஒரு பாரசிட்டமால் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி மதியம் வந்து சேரும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. பிழைத்தாலும் அடுத்த சுற்றுக்கு மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது தள்ளிப்போட வேண்டியிருக்கும். மருத்துவக் கோப்பில் இது “சிகிச்சையைத் தாங்கவில்லை” என்று பதிவாகும். ஊட்டம் குறைந்த உடம்பாக இருந்தால் இந்த அபாயம் இன்னும் கூடும்.

கதிர்வீச்சு சிகிச்சையில் எதிரி நாள்காட்டி. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சையும் உள்ளே வைத்துத் தரும் கதிர்வீச்சையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் எஞ்சியிருக்கும் செல்கள் மீண்டும் பெருகி, ஏற்கெனவே கொடுத்த சிகிச்சையின் பலனைத் தின்றுவிடும். எந்திரம் பழுது, தங்க இடமில்லை, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று பத்து நாள் விட்டுப்போனால், முழு அளவு கதிர்வீச்சையும் வாங்கியவருக்குக்கூடப் பலன் குறைந்துவிடுகிறது. புற்றுநோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு ஏதோ ஒரு கட்டத்தில் தேவை. குறைந்த வருமான நாடுகளில் தேவைப்படும் பத்தில் ஒன்பது பேருக்கு அது எட்டுவதில்லை என்று 2015-ல் லான்செட் ஆன்காலஜி ஆணையம் கணித்தது. அறுவை சிகிச்சையிலும் இதே கதை: நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

மாத்திரையாகச் சாப்பிடும் மருந்துகளில் இழப்பு கண்ணுக்கே தெரியாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் வந்த இமாட்டினிப், அந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது; அதை முதல் சிகிச்சையாகத் தொடங்கியவர்களில் 83 சதவீதத்தினர் பத்து ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தார்கள். ஆனால் தினமும் சாப்பிட வேண்டும். அமெரிக்காவில் காப்பீடு உள்ளவர்களிடையே 2014-ல் செய்த ஆய்வில், கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அதிகமாக இருந்தவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. காப்பீடு உள்ளவர்களுக்கே இப்படி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு மாத்திரைப் பட்டையை நீட்டிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை, வெட்கம். மருத்துவரும் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, அதைவிட விலை அதிகமான மருந்துக்கு மாற்றிவிடுகிறார்.

பணம் நோயைப் பாதிப்பதைப் போலவே, நோய் பணத்தைப் பாதித்து, அந்த இழப்பு திரும்பவும் உயிரைப் பாதிக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2015-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் 29 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். 48 சதவீதத்தினரின் குடும்பம் பொருளாதாரச் சீரழிவைச் சந்தித்திருந்தது. அதாவது ஆண்டு வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போயிருந்தது. உயிரும் இருந்து, குடும்பமும் தப்பித்தது 23 சதவீதத்தினருக்கு மட்டுமே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் திவாலான புற்றுநோயாளிகள், திவாலாகாத மற்ற நோயாளிகளைவிட 79 சதவீதம் கூடுதல் இறப்பு அபாயத்தில் இருந்ததாக 2016-ல் வந்த ஆய்வு காட்டியது. கடன், வேலை இழப்பு, தூக்கமின்மை, விட்டுப்போன மறுபரிசோதனை என்று எல்லாம் அதற்குள் அடக்கம். மருந்தின் பக்கவிளைவுகளோடு “பொருளாதார நச்சுத்தன்மை”யையும் சேர்த்துப் பேசும் வழக்கம் சுமார் 2013 முதல் மருத்துவ இதழ்களில் வேரூன்றியது. அளவுக்கு மீறிய மருந்து ஈரலைக் கெடுப்பதைப் போல, கட்டணம் குடும்பத்தைக் கெடுப்பதையும் மருத்துவர் கண்காணிக்க வேண்டும் என்பது கருத்து. நடைமுறையில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பணம் மட்டும் போதுமா என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். போதாது. அமெரிக்காவில் 2004-க்கும் 2008-க்கும் இடையே புற்றுநோய் கண்டறியப்பட்ட ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து 2013-ல் வந்த ஆய்வில், மணமானவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. உரிய சிகிச்சையைப் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். சில புற்றுநோய்களில் இந்தப் பலன் கீமோதெரபி தரும் பலனையே மிஞ்சியது. உடனே திருமணம்தான் மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கூடவே ஒருவர் வருகிறார், மருத்துவர் சொன்னதை இன்னொரு காதும் கேட்கிறது, “நாளைக்குப் போகலாம்” என்று தட்டிக்கழிக்க ஒருவர் விடுவதில்லை. பலன் இதில் இருக்கிறது. அக்காவோ நண்பரோ அதைச் செய்தாலும் அதே பலனை எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு.

குடும்பத்துக்குள்ளும் எல்லாரும் சமம் இல்லை. வீட்டில் பணம் இருந்தும் அதைச் செலவழிக்கும் முடிவு கையில் இல்லாத பெண்கள் உண்டு. எல்லாருக்கும் சமைத்துப் போட்டு, எல்லாருடைய மாத்திரையையும் நினைவூட்டிவிட்டுத் தன் ரத்தப்போக்கை மாதக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு. பெண்களுக்குப் புற்றுநோயால் அகாலத்தில் நேரும் மரணங்கள் ஆண்டுக்கு 23 லட்சம் என்று 2023-ல் ஒரு லான்செட் ஆணையம் கணக்கிட்டது. அவற்றில் 15 லட்சத்தை நோய்த்தடுப்பாலும் முன்கூட்டியே கண்டறிவதாலும் தவிர்த்திருக்கலாம்; எட்டு லட்சத்தை, எல்லாப் பெண்களுக்கும் சிறந்த சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்கிறது அது. பின்விளைவு அடுத்த தலைமுறையிலும் தொடர்கிறது: 2020-ல் மட்டும் புற்றுநோயால் தாயை இழந்த குழந்தைகள் பத்து லட்சத்துக்கும் மேல்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ஃபின் மலிவான, பழைய மருந்து. உலகில் விநியோகமாகும் ஓபியாய்டுகள் (மார்ஃபின் வகை வலிநிவாரணிகள்), மார்ஃபின் அளவாக மாற்றிக் கணக்கிட்டால், 298.5 டன், அதில் குறைந்த வருமான நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்று 2017-ல் இன்னொரு லான்செட் ஆணையம் சொன்னது. குணமாக்க முடியாதவருக்கும் கொடுக்கக்கூடியது அது. அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் மாற்ற முடியுமா? முடிந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர் ஹரால்ட் ஃப்ரீமன். 1964 முதல் 1986 வரை அங்கே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பெண்களின் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். ஏறத்தாழ பாதிப் பேர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்திருந்தார்கள். ஐந்து ஆண்டு உயிர்பிழைப்பு 39 சதவீதம். அவர் இரண்டு காரியங்கள் செய்தார். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கொடுத்தார். 1990-ல், சந்தேகத்துக்குரிய முடிவு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழிகாட்டியை நியமித்தார். வழிகாட்டி மருத்துவர் அல்ல. படிவம் நிரப்ப, தேதி வாங்க, காப்பீட்டு அலுவலகத்தில் பேச, பயாப்ஸிக்கு வராதவரைத் தேடிப்பிடிக்க ஓர் ஆள். 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 பெண்களில் முற்றிய நிலையில் வந்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்து ஆண்டு உயிர்பிழைப்பு 70 சதவீதமானது. இடைப்பட்ட காலத்தில் சிகிச்சையும் மேம்பட்டது, முன்கூட்டியே கண்டறிவதால் கணக்கிலும் சற்றுக் கூடுதலாகத் தெரியும்; அந்தக் கழிவுகளைப் போட்டாலும் மாற்றம் பெரிது.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில், 1980-களில் நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டைத் தாண்டியவர்கள் 32 சதவீதம். 16 சதவீதக் குழந்தைகளின் சிகிச்சையைக் குடும்பங்கள் பாதியில் கைவிட்டிருந்தன. தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர்கள், குடும்பங்களுக்குத் தங்குமிடம், பயணத்துக்கு உதவி, சமூகப் பணியாளர்கள் என்று ஏற்பாடு செய்த பின், 2002-ல் முடிந்த காலகட்டத்தில் 63 சதவீதமானது. கைவிட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழ். அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் பெருங்குடல் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை, வழிகாட்டிகள், நோய் இருந்தால் சிகிச்சைச் செலவு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. 2009-ல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் கறுப்பினத்தவரிலும் வெள்ளையரிலும் ஒரே அளவு, 74 சதவீதம். இறப்பு விகித வேறுபாடும் ஏறக்குறைய மறைந்தது. பரிசோதனையை மட்டும் கொடுத்துவிட்டு, நோய் இருந்தால் உன் பாடு என்று விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

கடைசிக் கேள்வி: வசதி இல்லாதவர் இன்றைக்கு என்ன செய்யலாம்? அமைப்பின் குறைகளை நோயாளி தனியாகச் சரிசெய்ய முடியாது. அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஆனாலும் சில விஷயங்கள் நிஜமாகவே உதவுகின்றன. சிகிச்சை தொடங்கும் முன்பே மொத்தம் எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும், எல்லாம் சேர்த்து என்ன செலவு என்று கேட்டுவிடுங்கள். முதல் தவணைக்கு மட்டும் பணம் திரட்டிக்கொண்டு தொடங்குவது ஆபத்து. முழுவதும் முடியாது என்று தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள்; பல புற்றுநோய்களில் விலை குறைந்த மாற்று முறை ஒன்று இருக்கும். அதை முழுமையாக முடிப்பது, விலை உயர்ந்ததைப் பாதியில் விடுவதைவிட நல்லது. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உதவித் திட்டங்களும் தங்குமிடங்களும் பெரும்பாலும் மருத்துவரைவிட அவருக்கே தெரியும். காய்ச்சல் வந்தால் இரவில் யாரை அழைப்பது, அருகில் எந்த மருத்துவமனை, அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். இடம் மாறினால், பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டால், பல நேரங்களில் மீண்டும் சதை எடுக்க வேண்டியிருக்காது. உறவினர்கள் பழம் வாங்கிக்கொண்டு வருவதைவிட, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துக் கூடப் போவது மேல்.

ஏதோ காரணத்தால் தவணை தவறிவிட்டால், திட்டுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். திட்டத்தான் செய்வார்கள், சிலர். கீமோவில் அடுத்த தேதியை மாற்றி அமைக்கலாம். கதிர்வீச்சில் விட்டுப்போன நாளுக்கு ஈடாக வார இறுதியில் கொடுக்கவோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளிவிட்டு இருமுறை கொடுக்கவோ முறைகள் உண்டு. எத்தனை நாள் விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் அதைக் கணக்கிட முடியும்.